அண்ணி சொன்ன அபிப்பிராயம்

என் அண்ணி வீட்டில் வாஷிங் மெஷின் கிடையாது. ஆனால் வாஷிங் மெஷினைப் பற்றி முக்கால் மணி நேரம் மூச்சுவிடாமல் பேசுவாள். பேசியும் இருக்கிறாள். அந்தப் பேச்சை நம்பி ஒரு கம்பெனி தன் மெஷினின் மூடியை வெள்ளையிலிருந்து நீலத்துக்கு மாற்றியது. "வெள்ளை மூடியப் பாத்தா ஆஸ்பத்திரி ஞாபகம் வருதுங்க" என்று அவள் சொன்னதை நான்தான் தட்டச்சு செய்தேன். அதுவரை அவள் தொட்டுப் பார்த்த ஒரே மெஷின், வாங்குவதுபோல் பாவனை செய்துகொண்டு கடையில் நாங்கள் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தோமே, அதுதான்.

நான் வேலை பார்ப்பது ஓர் ஆய்வுக் கம்பெனியில். ஆய்வு என்றதும் வெள்ளைக் கோட்டு, கண்ணாடிக் குழாய் என்று நினைத்துவிடாதீர்கள். தங்கள் சரக்கை யார் தலையில் கட்டலாம், எப்படிக் கட்டலாம் என்று தெரிந்துகொள்ளக் கம்பெனிகள் எங்களிடம் வரும். நாங்கள் எட்டுக் குடும்பத் தலைவிகளைப் பிடித்து வந்து, வட்ட மேஜையைச் சுற்றி உட்கார வைத்து, பிஸ்கட்டும் காப்பியும் கொடுத்து ஒன்றரை மணி நேரம் பேச வைப்போம். அந்த அறையின் ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி. உள்ளே இருப்பவர்களுக்கு அதில் தங்கள் முகம் தெரியும். அதற்குப் பின்னால் இருட்டறையில் உட்கார்ந்து நொறுக்குத் தீனி தின்றுகொண்டிருக்கும் கம்பெனிக்காரர்களுக்கு இவர்கள் முகம் தெரியும். அதே இருட்டறையின் மூலையில், சின்ன விளக்கடியில், காதில் ஒலிக்கருவியோடு நான். பேசப்படும் ஒவ்வொரு வார்த்தையையும் அடிப்பது என் வேலை. பத்தொன்பது வருஷம். காது புளித்துப் போய்விட்டது.

அங்கே கேட்கும் கேள்விகளை நீங்கள் கேட்க வேண்டும். "இந்த டீத்தூள் ஒரு மனுஷனா இருந்தா, அவர் என்ன வேலை பாப்பார்?" "இந்த டூத்பேஸ்ட் உங்க வீட்டுக் கல்யாணத்துக்கு வந்தா எங்க உக்காரும்?" பெரிய படிப்புப் படித்த ஒரு பெண், சிரித்த முகம் மாறாமல் இதையெல்லாம் கேட்பாள். நாங்கள் அவளைக் கேள்விக்காரி என்போம். சாதாரண மனுஷி என்ன பதில் சொல்வாள்? "டூத்பேஸ்ட் எதுக்குங்க கல்யாணத்துக்கு வரணும்?" என்பாள். நியாயம்தானே? ஆனால் நியாயத்தைக் கேட்கவா அவ்வளவு தூரத்திலிருந்து கிளம்பி வருகிறார்கள்?

என் அண்ணி அப்படியெல்லாம் திருப்பிக் கேட்க மாட்டாள். "டூத்பேஸ்ட்டா? அது மாப்பிள்ளை வீட்டுக்காரங்க மாதிரிங்க. முன்வரிசையில போய் உக்காரும். ஆனா யார்கூடயும் பேசாது" என்பாள். உடனே இருட்டறையில் எல்லோரும் நாற்காலி நுனிக்கு வந்துவிடுவார்கள். "எழுதிக்கோ, எழுதிக்கோ" என்று ஒருவரை ஒருவர் இடித்துக்கொள்வார்கள். அந்த டூத்பேஸ்ட்டின் அடுத்த விளம்பரத்தில் ஒரு குடும்பமே வாய் ஓயாமல் பேசிச் சிரித்தது. அதே பேஸ்ட், அதே காரம், டப்பாவில் மட்டும் புதிதாக ஒரு சிரிப்பு. பழைய கள்ளு, புது மொந்தை. இதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் பொசிஷனிங். வாங்குகிறவர் மண்டைக்குள் எந்த நாற்காலியில் தங்கள் சரக்கை உட்கார வைப்பது என்று தீர்மானிக்கும் சாஸ்திரமாம். அந்த நாற்காலியைப் பன்னிரண்டு வருஷமாகத் துடைத்துப் போட்டுக்கொண்டிருந்தவள் என் அண்ணி. வீட்டில் உட்கார்ந்து, தெருக்காரர்களின் பேண்ட்டுக்கு ஜிப் மாற்றிக் கொடுப்பவள்.

அவளை இதில் இழுத்துவிட்டவள் நான். அதை மறைத்து என்ன ஆகப்போகிறது? ஒரு நாள் எட்டுப் பேரில் ஒருத்தி வரவில்லை. ஆள் பிடித்துத் தருவதற்கென்றே எங்களிடம் ஒருவர் இருக்கிறார், தரகர் என்றுதான் கூப்பிடுவோம். அவர் வாசலில் நின்று தலையைச் சொறிந்துகொண்டிருந்தார்.

"கம்பெனிக்காரங்க வந்து உக்காந்துட்டாங்கம்மா. நாப்பது வயசுக்குள்ள, ரெண்டு புள்ளைங்க, தரை துடைக்கிற லோஷன் வாங்கற பொம்பள. இப்ப போய் நான் எங்க தேடுவேன்? உங்க தெருவுல யாராவது இருக்காங்களா?"

"எங்க அண்ணி இருக்காங்க. ஆனா ஒரே பொண்ணுதான். தரைக்கு வெறும் தண்ணிதான் ஊத்துவாங்க."

"அதெல்லாம் நான் சொல்லிக் குடுத்துக்கறேன். போன் போடும்மா, புண்ணியமாப் போகும்."

எங்களுக்கு விதிகள் உண்டு, சும்மா சொல்லக் கூடாது. வருகிறவர் கடந்த ஆறு மாதத்தில் வேறு ஆய்வுக்குப் போயிருக்கக் கூடாது. அவருக்கோ, அவர் குடும்பத்தாருக்கோ அந்தச் சரக்கைச் செய்யும் தொழிலோடும் ஆய்வுத் தொழிலோடும் ஒட்டும் இருக்கக் கூடாது, உறவும் இருக்கக் கூடாது. வாசலில் ஒரு படிவத்தில் கையெழுத்து வாங்குவார்கள். அண்ணி கையெழுத்துப் போட்டாள். நான் அவளை யாரோ எவரோ என்பதுபோல் தாண்டிப் போனேன்.

கூட்டம் முடிந்து வெளியே வந்தவளைப் பார்த்து எனக்குத் திக்கென்றது. அழுதிருந்தாள்.

"என்ன அண்ணி, உள்ள யாராவது ஏதாவது சொன்னாங்களா?"

"இல்ல பாப்பா. அந்தப் பொண்ணு என்கிட்ட, 'நீங்க என்ன நினைக்கறீங்க'ன்னு கேட்டா. நான் சொன்னதும், 'ரொம்ப முக்கியமான பாயிண்ட்'ன்னா. ஒரு தடவ இல்ல, மூணு தடவ சொன்னா."

இந்த வயதில் என்னைப் பாப்பா என்று கூப்பிட அவள் ஒருத்திதான் இருக்கிறாள். அண்ணி ஐந்து பெண்களில் நடுப்பெண். மூத்தவள் பேச்சுக்கு மதிப்பு, கடைக்குட்டி பேச்சுக்குச் செல்லம், நடுவில் பிறந்தவளை யார் கேட்டார்கள்? என் அண்ணனைக் கட்டிக்கொள்ளச் சம்மதமா என்றுகூடக் கேட்கவில்லையாம். வந்த இடத்தில் நாங்கள் மட்டும் கேட்டுக் கிழித்துவிட்டோமா? அவர்கள் வீட்டுச் சுவருக்கு என்ன நிறம் அடிப்பது என்று அண்ணனும் நானும் ஒரு வாரம் சண்டை போட்டோம். நாளெல்லாம் அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டு தைக்கப்போகிறவளை இரண்டு பேரும் கேட்கவில்லை.

அதன் பிறகு அவளைப் பிடித்து நிறுத்த முடியவில்லை. தரகருக்கும் அல்வா மாதிரி ஆள் கிடைத்துவிட்டாள், அவர் விடுவாரா? ஒரு மாதம் அவள் ஸ்கூட்டர் ஓட்டும் டீச்சர், அடுத்த மாதம் சர்க்கரை வியாதிக்காரரின் மனைவி. ஆறு மாத விதி ஆறு வாரமாகி, பிறகு அதுவும் போய்விட்டது. குழந்தைகள் பவுடருக்கு ஒரு முறை, கைக்குழந்தைக்குத் தாயாகப் போய் வந்தாள்.

"நாப்பத்தஞ்சு வயசுல கைக்குழந்தையா அண்ணி? கேக்கறவங்க கேனைங்களா?"

"கல்யாணமாகி இருபது வருஷம் கழிச்சுப் பொறந்ததுன்னேன். எல்லாரும் கை தட்டினாங்க. அந்தப் பக்கத்து சீட்டுப் பொண்ணு அழுதே போயிட்டா."

வெட்கம் கெட்ட ஜன்மம்! கம்பெனி கொடுத்த பிளாஸ்டிக் டப்பாக்களை வரிசையாக அடுக்கிக்கொண்டே இதைச் சொல்வாள். தொழில் ரகசியத்தையும் ஒரு நாள் அவிழ்த்துவிட்டாள்.

"அந்தப் பொண்ணு புருவத்தையே பாத்துக்கிட்டு இருக்கணும் பாப்பா. பிடிக்காத பதில் சொன்னா, 'சரி, வேற?'ம்பா. பிடிச்ச பதில்னா, 'இன்னும் கொஞ்சம் சொல்லுங்க'ம்பா. அந்த 'இன்னும் கொஞ்சம்' எந்தப் பக்கம் கேக்குதோ, அந்தப் பக்கமா நடந்துகிட்டே இருக்க வேண்டியதுதான்."

அதாவது, கம்பெனிக்காரர்கள் மனதில் முடிவு பண்ணிக்கொண்டு வந்ததை அவர்களுக்கே பரிமாறினாள். அவர்களும் வாடிக்கையாளர் இதயத்தைத் தொட்டுவிட்டோம் என்று புல்லரித்துப் போனார்கள். லட்சணமாகத் தொட்டார்கள்! அவர்கள் தொட்டது தங்கள் சொந்த முதுகை.

இந்த விளையாட்டு யாரையும் சுடாதவரை எனக்கும் சிரிப்பாகத்தான் இருந்தது.

என் அண்ணன் துணி துவைக்கும் கட்டி சோப்புத் தொழிற்சாலையில் வேலை பார்த்தான். பாளமாக வரும் சோப்பைத் துண்டு போட்டு அவன் மெஷினுக்குள் விட்டால், மேலிருந்து அச்சு இறங்கிச் சோப்பின் முதுகில் பிராண்டின் பெயரைக் குத்திவிட்டு ஏறும். இருபத்தாறு வருஷம் அந்த ஒரே மெஷின். அச்சின் ஒரு மூலை உடைந்து, ஒவ்வொரு சோப்பின் ஓரத்திலும் நகம் கீறியதுபோல் ஒரு கோடு விழும். "அச்ச மாத்துங்கன்னு சொல்லிச் சொல்லி என் வாய் வலிச்சதுதான் மிச்சம். எந்தக் கழுதை காதுல வாங்குது?" என்று சாப்பிட உட்காரும்போதெல்லாம் புலம்புவான். நொறுங்கிய சோப்பைத் தொழிலாளிகளுக்கே கொடுத்துவிடுவார்கள். எங்கள் இரண்டு வீட்டிலும் சட்டை, போர்வை, பாத்திரம் எல்லாவற்றுக்கும் அந்த உடைசல்தான்.

அந்த வருஷம் அவன் முகமே சரியில்லை. எல்லோரும் பாட்டிலில் வரும் திரவ சோப்புக்கு மாறுகிறார்கள், தலைமையகம் யோசிக்கிறது, கட்டி சோப்புப் பிரிவை இழுத்து மூடினாலும் மூடுவார்கள் என்று தொழிற்சாலையில் பேச்சு. அண்ணனுக்கு ஐம்பத்தாறு வயது.

"மூடினா எனக்கு வேற கதியில்ல. இந்த வயசுல எவன் என்னைச் சேத்துப்பான்? எனக்குத் தெரிஞ்சது அச்சை இறக்கறதும் ஏத்தறதும்தான்" என்றான்.

"அதெல்லாம் மூட மாட்டாங்க. வாய வெச்சுக்கிட்டு சும்மா சாப்பிடுங்க" என்றாள் அண்ணி. ஆனால் அன்று அவளும் சரியாகச் சாப்பிடவில்லை.

அடுத்த மாதம் எங்கள் ஆபீசில் ஒரு துணி சோப்பு ஆய்வு வந்தது. எந்தக் கம்பெனிக்கு என்று என்னைப் போன்றவர்களுக்குச் சொல்ல மாட்டார்கள். ஒரு ரகசியப் பெயர் வைப்பார்கள், இதற்கு 'ஆகாயம்' என்று வைத்திருந்தார்கள். சோப்புக் கம்பெனி ஊரில் ஒரு டஜன் இருக்கிறதே, எதுவென்று எனக்கு எப்படித் தெரியும்? மூன்று கூட்டம் முடிந்து நான்காவதுக்குத் தரகர் அண்ணியைக் கூட்டி வந்திருந்தார். அவள் நெஞ்சில் ஐந்து என்று ஓர் அட்டை.

இருட்டறையில் கம்பெனியின் பிராண்டு மேடம் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தாள். முப்பது வயதிருக்கும். தன் கையால் ஒரு கைக்குட்டை துவைத்திருப்பாளா என்பது சந்தேகம்.

"மூணு குரூப்லயும் பாதிக்குப் பாதியா வருது. கட்டி சோப்புக்குப் புது உறை போட்டு, 'நம்ம வீட்டு நம்பிக்கை'ன்னு விக்கறதா, இல்ல அத மொத்தமா நிறுத்திட்டுப் பாட்டில்ல இறங்கறதா? நாளைக்கு நான் மேலிடத்துல ஏதாவது ஒண்ணச் சொல்லியாகணும். எனக்கு ஒரு கதை வேணும்" என்றாள்.

"இன்னைக்குக் கிடைச்சிடும் மேடம். இன்னைக்கு நல்லா பேசற ஆளுங்க" என்றார் எங்கள் முதலாளி.

கூட்டம் தொடங்கிப் பத்து நிமிடம் இருக்கும். எப்போதும்போல் முதலில் யார் யார் எந்த வேலை, எத்தனை பிள்ளைகள் என்ற அறிமுகம் ஓடிக்கொண்டிருந்தது. அதில் அடிக்க ஒன்றுமில்லை என்று தண்ணீர் குடிக்கச் சமையலறைப் பக்கம் போனேன். காப்பி போடும் அம்மா மேஜையில் செய்தித்தாளை விரித்து, ஒரு கத்தியால் கட்டி சோப்புகளைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். பேர் தெரியாமல் சோதிக்க வேண்டும் என்றால் இப்படித்தான் செய்வார்கள். சுரண்டாத சோப்பு இரண்டு மிச்சம் இருந்தது. எடுத்துப் பார்த்தேன். முதுகில் அண்ணன் குத்தும் அதே பிராண்டின் பெயர். ஓரத்தில் நகக்கீறல்.

அட கடவுளே, இவர்கள் மூடலாமா வேண்டாமா என்று கேட்க வந்திருப்பது என் அண்ணன் பிழைப்பையா! அதுவும் யாரிடம்? ஓட்டமாக ஓடி வந்தேன். இருட்டறை வாசலில் முதலாளி, "எங்க போன? முக்கியமான எடம் வருது, போய் உக்காரு" என்று அதட்டினார். கூட்டம் நடக்கும்போது உள்ளே யாரும் போகக் கூடாது. போயிருக்கலாம். காப்பித் தட்டைத் தூக்கிக்கொண்டு போய் அவள் காலையாவது மிதித்திருக்கலாம். நான் போகவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து ஒலிக்கருவியைக் காதில் மாட்டிக்கொண்டேன்.

"கட்டி சோப்பு ஒரு மனுஷனா இருந்தா, அது யாருங்க?" என்று கேட்டாள் கேள்விக்காரி.

"சோப்பு சோப்புதாங்க" என்றாள் இரண்டாம் நம்பர்.

"சரி, வேற?"

"உழைப்பாளி" என்றாள் ஏழாம் நம்பர்.

"சரி. வேற?"

அண்ணி புருவத்தைப் படித்துவிட்டாள். கண்ணாடிக்குப் பின்னாலிருந்து எனக்கே தெரிந்தது.

"ரிட்டயர் ஆன பெரியப்பா மாதிரிங்க. நல்லவருதான், குடும்பத்துக்காகப் பாடுபட்டவருதான். ஆனா வீட்டுக்கு நாலு பேர் வந்தா, 'நீங்க கொஞ்சம் உள்ள போய் இருங்க பெரியப்பா'ன்னு சொல்லத் தோணும்."

இருட்டறையில் சிரிப்பு வெடித்தது. கேள்விக்காரி முன்னால் குனிந்து, "இன்னும் கொஞ்சம் சொல்லுங்க" என்றாள். அவ்வளவுதான், அண்ணி அந்தப் பக்கமாக நடக்க ஆரம்பித்துவிட்டாள்.

"எங்க வீட்டுக்கு விருந்தாளி வந்தா, நான் முதல் வேலையா குளியலறையிலேர்ந்து கட்டி சோப்பை எடுத்து ஒளிச்சு வெச்சிடுவேங்க. 'இன்னும் இவங்க இதத்தான் போடறாங்களா'ன்னு நினைச்சுடுவாங்கல்ல? ஒரு மாதிரி வெக்கமா இருக்கும்."

பிராண்டு மேடம் துள்ளி எழுந்தாள். "வெக்கம்! இதுதான்! ரெண்டு மாசமா நான் தேடினது இந்த ஒரு வார்த்தைதான்!" என்று முதலாளியின் கையைப் பிடித்துக் குலுக்கினாள். பெற்ற பிள்ளை முதல் மார்க் வாங்கினால்கூட அப்படிப் பூரிப்பாளா தெரியாது. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே ஒருத்தி, பக்கத்தில் படுத்திருக்கும் புருஷனையும் சேர்த்துக் கெடுத்துக்கொண்டிருந்தாள். அவ்வளவு எரிச்சலிலும் என் விரல்கள் ஓர் எழுத்து விடாமல் அடித்தன.

அடுத்து, பெயர் சுரண்டிய சோப்பை ஆளுக்கொன்றாகக் கையில் கொடுத்தார்கள். அண்ணி வாங்கினாள். மோந்து பார்த்தாள். கட்டை விரலால் ஓரத்தைத் தடவினாள். மறுபடி தடவினாள்.

"அஞ்சாம் நம்பர், உங்களுக்கு என்ன தோணுது?"

"இது எங்க வீட்டுக்காரர் அடிக்கிற சோப்புங்க."

கேள்விக்காரியின் சிரிப்பு அப்படியே நின்றது. "என்னம்மா சொல்றீங்க?"

"இந்தக் கீறல் அவரோட அச்சுல விழறது. நான் இவ்வளவு நேரம் சொன்னது எல்லாம் பொய்ங்க. எங்க வீட்டுல மெஷின் கிடையாது. எந்த விருந்தாளி வந்தாலும் நான் எதையும் ஒளிச்சு வெச்சதில்ல. இருபத்தாறு வருஷமா இந்த சோப்புலதான் துவைக்கறேன். கை எரியாது. காலர் அழுக்கு ரெண்டே தேய்ப்புல போகும். கடைசித் துண்டு கரையற வரைக்கும் நுரை வரும். இத நிறுத்திடாதீங்க. அங்க நிறைய பேர் இருக்காங்க. அவருக்கு வேற வேலை தெரியாது. நான் முன்ன சொன்னத அடிச்சிட்டு இத எழுதிக்கோங்கம்மா."

பன்னிரண்டு வருஷத்தில் அந்த அறையில் அவள் பேசிய முதல் உண்மை. புருவத்தைப் பார்க்காமல் பேசினாள். கண்ணாடியைப் பார்த்துப் பேசினாள். அவளை மெதுவாக எழுப்பி, கையில் பரிசுப் பையைக் கொடுத்து, நல்ல வார்த்தை சொல்லி வெளியே அனுப்பினார்கள்.

இருட்டறையில் பிராண்டு மேடம், "அப்ப அந்த வெக்க லைன் போச்சா?" என்று கேட்டாள். கேட்கும்போது குரல் உடைந்தது. ஒரு வீட்டில் அடுப்பு அணையப்போவதற்காக உடையவில்லை.

எங்கள் முதலாளி எமகாதகர். "ஏன் மேடம் போகணும்? முதல் பாதியில அவங்களுக்கு யாரோட சோப்புன்னு தெரியாது. அது மனசுலேர்ந்து தானா வந்தது. அத வெச்சுக்கலாம். ரெண்டாவது பாதியில புருஷன் வேலைக்காகப் பேசறாங்க. அது ஒருதலைப்பட்சம். விதிப்படி அத எடுத்துடணும்" என்றார்.

பொய் சொன்னபோது அவள் வாடிக்கையாளர். உண்மை சொன்னபோது சம்பந்தப்பட்டவள். இந்தப் புத்திக்கு இவர்களுக்கு ஆளுக்கொரு பட்டம் வேறு.

முதலாளி என் பக்கம் திரும்பினார். "முப்பத்தெட்டாவது நிமிஷத்துலேர்ந்து அஞ்சாம் நம்பர் பேசினத எடுத்துடும்மா. ரெக்கார்டிங்லயும் வெட்டிடு."

ஊரையே வாய்க்கு வந்தபடி பேசுகிறவள் நான். அப்போது என் வாய் எங்கே போயிற்று? அவளை இங்கே கூட்டி வந்தவள் நான் என்று தெரிந்தால் என் வேலை போய்விடும். அது ஒன்றுதான் மண்டைக்குள் ஓடியது. சரி என்றேன். ஒன்பது வரி. தேர்ந்தெடுத்து அழிக்க ஒரு நொடிகூட ஆகவில்லை.

கூட்டம் கலைந்து நான் இறங்கி வந்தபோது, அண்ணி மடியில் பரிசுப் பையோடு மாடிப்படியில் உட்கார்ந்திருந்தாள். யாராவது பார்த்துவிடுவார்களோ என்ற கவலைகூட இல்லாமல் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் கடைசியா சொன்னத எழுதிட்டியா பாப்பா?"

"எழுதிட்டேன் அண்ணி."

"முழுசாவா?"

"முழுசாத்தான். வாங்க, பஸ் வந்துடும்."

"அப்பாடா. நாக்குல சனி உக்காந்த மாதிரி என்னென்னவோ உளறிட்டேன். நல்ல வேளை, கடைசியிலயாவது புத்தி வந்துது" என்றாள். அதற்குப் பிறகு அவள் எந்தக் கூட்டத்துக்கும் போகவில்லை. தரகர் இரண்டு முறை வீட்டுக்கே வந்தார். கதவைத் திறக்காமல், ஜன்னல் வழியாக, "உடம்பு சரியில்ல" என்று அனுப்பிவிட்டாள்.

மூன்று மாதத்தில் பஸ் ஸ்டாப்பில் ஒரு பெரிய விளம்பரப் பலகை முளைத்தது. பளபளக்கும் குளியலறை, நடுவில் ராஜா மாதிரி ஒரு பாட்டில். 'யார் வந்தாலும் வெளியே இருக்கட்டும்' என்று எழுதியிருந்தது. கீழே அண்ணன் கம்பெனியின் பெயர். ஒளித்து வைக்கிற அந்த வெட்கத்தைத்தான் திருப்பிப் போட்டிருக்கிறார்கள் என்று எனக்குப் பார்த்ததுமே விளங்கிவிட்டது. அண்ணிக்கு விளங்கவில்லை.

"பாட்டில் விக்க ஆரம்பிச்சுட்டாங்க பாத்தியா? விக்கட்டும். ரெண்டும் இருந்துட்டுப் போகுது. வேணுங்கறவங்க வேணுங்கறத வாங்கிக்கட்டும்" என்றாள். நான் பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்ப்பதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அதற்கடுத்த சனிக்கிழமை, பகல் இரண்டு மணி இருக்கும். எனக்கு அரை நாள் ஆபீஸ். ஒரு பையின் வாரை அண்ணியிடம் தைக்கக் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்திருந்தேன். அந்த நேரத்தில் வீட்டுக்கு வராத அண்ணன் வந்தான். டிபன் பாக்ஸைத் திறக்காமலே திரும்பக் கொண்டு வந்திருந்தான். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"மூடறாங்க. இந்த மாசத்தோட சரி" என்றான்.

அண்ணியின் கால் தையல் மெஷினிலிருந்து எடுபட்டது. "யார் சொன்னா?"

"யார் சொல்லணும்? எங்க எல்லாரையும் பெரிய ஹால்ல உக்கார வெச்சு, திரை போட்டுக் காட்டினாங்க. முதல் படமே எழுத்துதான். 'விருந்தாளி வந்தால் ஒளித்து வைக்கிறேன், வெட்கமாக இருக்கிறது.' யாரோ ஒரு வாடிக்கையாளராம். சின்னப் பொண்ணு ஒருத்தி வந்து நின்னு, 'இதுதாங்க இன்னைக்கு மக்கள் மனசு, நாங்க என்ன பண்ணட்டும்'ங்கறா. பக்கத்துல உக்காந்திருந்தவன் கேவிக் கேவி அழறான். இருபத்தாறு வருஷம் நின்னு நின்னு காலு வீங்கினது எனக்கு. எவளோ ஒருத்திக்கு அது வெக்கமாம். அவ நல்லா இருப்பாளா? அவ குடும்பம் விளங்குமா?"

"விளங்காதுங்க" என்றாள் அண்ணி. "அவ நான்தான்."

அண்ணன் முதலில் சிரித்தான். பிறகு அவள் முகத்தைப் பார்த்தான். அண்ணி ஒன்றையும் மறைக்கவில்லை. கண்ணாடி அறை, தரகர், கைக்குழந்தை, பெரியப்பா, எல்லாவற்றையும் எழுந்து நின்று சொன்னாள். டப்பாக்கள் தோழிகள் கொடுத்தவை என்று இத்தனை நாள் நம்பியிருந்தவன், சுவரில் கையை ஊன்றிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தான்.

"உன்னை நான் என்ன செஞ்சேன்?" என்றான். அவ்வளவு மெதுவாக அவன் பேசி நான் கேட்டதில்லை.

"நீங்க ஒண்ணும் செய்யல. புத்தி கெட்டுப் போய்ப் பேசிட்டேன். ஆனா உங்க சோப்புன்னு தெரிஞ்ச அந்த நிமிஷமே எல்லாத்தையும் மாத்திச் சொல்லிட்டேங்க. கை எரியாதுன்னு சொன்னேன். நிறுத்தாதீங்கன்னு கெஞ்சினேன். அத அவங்க பாக்காம விட்டுட்டாங்க போலிருக்கு. எல்லாம் எழுத்துல இருக்கு. அந்தக் காகிதத்தக் கொண்டு போய்க் காட்டினா அவங்களுக்குப் புரிஞ்சிடும்." என் பக்கம் திரும்பினாள். அவள் முகத்தில் நிஜமாகவே ஒரு தெம்பு வந்திருந்தது. "இவதான் எழுதினா. சொல்லு பாப்பா."

அண்ணன் என்னைப் பார்த்தான். "இருக்கா?"

"இல்லண்ணே."

"ஏன்? எவனாவது எடுத்துட்டானா?"

முதலாளி சொன்னார் என்று சொல்லியிருக்கலாம். பொய்யும் இல்லை. விதி என்று சொல்லியிருக்கலாம். அதுவும் பொய் இல்லை. இத்தனை நேரம் உங்களிடம் ஒவ்வொருவரையாக இழுத்து வைத்துத் திட்டினேனே, அவர்களில் யாரை வேண்டுமானாலும் காட்டியிருக்கலாம்.

"நான்தான் எடுத்தேன். அண்ணி மாடிப்படியில எனக்காகக் காத்துகிட்டு இருக்கும்போதே எடுத்துட்டேன்."

அண்ணன் குனிந்து செருப்பைக் கழற்றினான். அண்ணிதான் என் முன்னால் வந்து நின்றாள். கை ஓங்குவாள் என்று நினைத்தேன். ஓங்கியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"எழுதிட்டேன்னு சொன்னியே" என்றாள்.